கே.எல்.-ஐ விட்டு ஊர்ப்பக்கம் போகலாமா? இடத்தை முடிவு செய்யும் முன் நீங்கள் பார்க்க வேண்டியவை

வாடகை, டோல், பார்க்கிங், காலை ஏழு மணிக்கே நகராமல் நிற்கும் கூட்டரசு நெடுஞ்சாலை. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போது, “பேசாம பேராக் பக்கம் ஏதாவது சின்ன ஊருக்குப் போயிடலாம்” என்ற எண்ணம் உங்களுக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். வீட்டில் இருந்தே வேலை செய்யப் பழகிய பிறகு, இது வெறும் ஆசையாக இல்லாமல் செய்து பார்க்கக்கூடிய திட்டமாகவே பலருக்குத் தெரிகிறது.

சரி, போகலாம். ஆனால் எங்கே? நம்மில் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். விடுமுறையில் பார்த்த ஊர், டிக்டாக்கில் வந்த மலையடிவார வீடு, “ஏக்கர் இவ்வளவுதான்” என்று வாட்ஸ்அப்பில் வந்த நில விளம்பரம் ஆகியவற்றை வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால், பிறகு கையைப் பிசைய வேண்டியிருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இங்கே வரிசைப்படுத்திப் பார்ப்போம்.

நமக்கு இந்தக் கேள்வி ஏன் கொஞ்சம் வேறு மாதிரி?

1970-இல் மலேசியர்களில் 28.4 விழுக்காட்டினர் மட்டுமே நகர்ப்புறங்களில் வாழ்ந்தார்கள். 2020 மக்கள் கணக்கெடுப்பில் அது 75.1 விழுக்காடு. ஐம்பது ஆண்டுகளில் நாடே இடம் மாறியிருக்கிறது.

அந்தப் பயணத்தில் நம் குடும்பங்களும் இருந்தன. ஆனால் பலர் விரும்பிக் கிளம்பவில்லை. தோட்டங்கள் துண்டு போடப்பட்டன, வீடமைப்புத் திட்டங்களாக மாறின, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வேலைக்கு வெளிநாட்டவர் வந்தார்கள். தோட்டத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போய்விடும். இரண்டு மூன்று தலைமுறை ஒரே லயத்தில் வாழ்ந்திருந்தாலும், அந்த மண்ணில் ஒரு சாண் கூடப் பலருக்குச் சொந்தமில்லை.

அதனால் ‘ஊருக்குத் திரும்புவோம்’ என்று சொல்லும்போது, நம்மில் பலருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு காத்திருக்காது. தாத்தா வேலை செய்த தோட்டம் இன்று ஒரு தாமானாக இருக்கலாம். நாம் திரும்பிப் போகவில்லை, புதிதாகக் குடியேறுகிறோம். அப்படி நினைத்துக்கொண்டால்தான் கேட்க வேண்டிய கேள்விகள் சரியாக வரும்.

முதலில் மாற்ற முடியாதவை

ஓர் ஊரில் சில குறைகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இணையம் மெதுவாக இருந்தால் வேறு சேவைக்கு மாறலாம். நண்பர்கள் இல்லை என்றால் மெதுவாகச் சேர்வார்கள். ஆனால் நிலத்தின் மேல் உள்ள சட்டம், மருத்துவமனையின் தூரம், வெள்ளம் வரும் பாதை ஆகிய மூன்றையும் நீங்கள் மாற்ற முடியாது. இவற்றை முதலில் பாருங்கள்.

1. நிலம்: விலைக்கு முன்னால் பட்டாவைப் பாருங்கள்

கிராமப்புற நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால், பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் பட்டாவிலேயே எழுதப்பட்டிருக்கலாம்.

முதலாவது, அது மலாய் ஒதுக்கீட்டு நிலமா? கூட்டரசு அரசியலமைப்பின் 89-ஆவது விதி பாதுகாக்கும் இந்த நிலங்களை மலாய்க்காரர் அல்லாதவர் வாங்கவோ பெயர் மாற்றவோ முடியாது. “நண்பர் பேரில் வாங்கி, நாம தனியா ஓர் ஒப்பந்தம் போட்டுக்கலாம்” என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. கொடுத்த பணத்தை மீட்பதும் எளிதல்ல.

இரண்டாவது, நிலத்தின் வகை. 1965 தேசிய நிலச் சட்டத்தின்படி நிலங்கள் விவசாயம், கட்டடம், தொழில் என வகைப்படுத்தப்படுகின்றன. விவசாய நிலத்தில் உங்கள் விருப்பம்போல் வீடுகள் கட்டிக்கொள்ள முடியாது. வகையை மாற்ற மாநில அரசிடம் விண்ணப்பித்து, அதற்கான பிரிமியம் கட்ட வேண்டும். விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் ஒப்புதல் கிடைத்துவிடும் என்ற உத்தரவாதமும் இல்லை.

மூன்றாவதில்தான் இளம் குடும்பங்கள் அதிகம் சிக்குகின்றன: ‘பங்கு நிலம்’. ஒரு பெரிய விவசாய நிலத்தைக் கோடு போட்டுப் பிரித்து, “பங்களா லாட், சின்ன லாட், தவணை முறையில் கட்டலாம்” என்று விற்பார்கள். ஆனால் விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாக, தனித்தனிப் பட்டாவாகப் பிரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அப்படியானால் நீங்கள் வாங்குவது என்ன? ஒரே பட்டாவில் பத்துப் பேர், இருபது பேர் பெயருக்கு நடுவே உங்கள் பெயரும் ஒரு பங்காக இருக்கும். ‘இந்த மூலைதான் என்னுடையது’ என்று பட்டா சொல்லாது. வங்கிக் கடன் கிடைப்பது கடினம். பங்குதாரர்களில் ஒருவர் இறந்துவிட்டாலோ தகராறு செய்தாலோ எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள்.

இவை எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. நில அலுவலகத்தில் பட்டா எண்ணைக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, ‘சாரியான் ரஸ்மி’ எனப்படும் அதிகாரப்பூர்வத் தேடலுக்கு விண்ணப்பியுங்கள். நிலத்தின் வகை, நிபந்தனைகள், விற்பதற்கு மாநிலத்தின் அனுமதி வேண்டுமா, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, வங்கி அடமானம் அல்லது கேவியட் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். முன்பணம் கொடுத்த பிறகு இதைச் செய்து பயனில்லை. கொடுப்பதற்கு முன் செய்யுங்கள்.

உங்கள் குடும்பத்துக்கு ஏற்கெனவே ஊரில் வீடு இருந்தால்? நல்லது. ஆனால் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பல வீடுகள் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பெயரிலேயே கிடக்கின்றன. உயில் இல்லை என்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958 பகிர்வுச் சட்டத்தின்படி வாரிசுகள் அனைவருக்கும் பங்கு உண்டு. சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் வரை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். நீங்கள் ஐம்பதாயிரம் ரிங்கிட் போட்டு வீட்டைப் புதுப்பித்த பிறகு இந்தப் பேச்சு தொடங்கினால், குடும்பத்தில் மனக்கசப்புதான் மிஞ்சும். சிறு சொத்துகளுக்கான பிரிவு நில அலுவலகத்திலேயே இருக்கிறது. முதலில் அந்த வேலையை முடியுங்கள்.

2. மருத்துவமனை: கிலோமீட்டரில் அல்ல, நிமிடத்தில் கணக்கிடுங்கள்

“பக்கத்துலேயே கிளினிக் இருக்கு” என்று ஊரில் சொல்வார்கள். எந்தக் கிளினிக் என்று கேளுங்கள். ‘கிளினிக் டேசா’ பெரும்பாலும் தாதியர் நடத்தும், தாய் சேய் நலத்துக்கான இடம். ‘கிளினிக் கெசிஹாத்தான்’ என்றால் மருத்துவர் இருப்பார், குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு இது போதும்.

அவசரம் என்றால் கதை வேறு. பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கேன் செய்ய வேண்டும். மாரடைப்பிலும் நிமிடங்கள்தான் கணக்கு. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் நிபுணர்கள் இருப்பதில்லை. அங்கே போய், அங்கிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றுவார்கள் என்றால் இரண்டு பயணங்களின் நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

நம் சமூகத்தில் நீரிழிவும் இதய நோயும் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இன்று உங்களுக்கு 29 வயதாக இருக்கலாம். ஆனால் “அம்மாவையும் கூட்டிட்டுப் போயிடலாம்” என்று நினைத்தால், இந்தக் கேள்விக்கு அம்மாவின் வயதை வைத்துத்தான் பதில் தேட வேண்டும்.

3. வெள்ளமும் மண்சரிவும்: ‘இங்க அதெல்லாம் வராது’ என்பதை நம்பாதீர்கள்

2021 டிசம்பர் வெள்ளத்தில் 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஷா ஆலாமில் தாமான் ஸ்ரீ மூடா மட்டுமல்ல, உலு லங்காட், பெந்தோங், காராக் போன்ற மலையடிவாரப் பகுதிகளும் அடி வாங்கின. 2022 ஜூலையில் கெடா, பாலிங்கில் மரத்துண்டுகளோடும் சேற்றோடும் பாய்ந்து வந்த திடீர் வெள்ளத்தில் மூவர் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி, பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தில் நிகழ்ந்த மண்சரிவு 31 உயிர்களைப் பறித்தது.

கவனியுங்கள். ஆற்றோரம், அருவிச் சத்தம், மலைக்காட்சி என்று விளம்பரத்தில் அழகாகச் சொல்லப்படும் இடங்களும் இதே போன்ற நிலப்பரப்பில்தான் இருக்கின்றன. மேலே காடு வெட்டப்படுகிறதா, சரிவில் புதிதாகத் தோட்டம் போடுகிறார்களா என்று பாருங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் ‘பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்’ தளத்தில் ஆறுகளின் நீர்மட்டத்தைப் பார்க்கலாம். அதோடு, அந்த ஊர் மளிகைக் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “கடைசியா தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” நிலம் விற்பவர் சொல்லாததை அவர் சுவரைக் காட்டியே சொல்லிவிடுவார்.

அடுத்து, வேலையும் செலவும்

மூன்று வடிகட்டிகளையும் தாண்டி சில ஊர்கள் மிஞ்சும். இப்போது உங்கள் வருமானத்தைப் பற்றிப் பேசலாம்.

வீட்டிலிருந்து வேலை செய்வது உங்கள் உரிமையா, முதலாளியின் சலுகையா? 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள நீங்கள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் தருவது கேட்கும் உரிமையைத்தான். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. “பாஸ் ஓகேன்னு சொல்லிட்டார்” என்பதை நம்பி வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ் மாறுவார். எழுத்தில் வாங்குங்கள்.

அந்த வேலை போய்விட்டால்? உள்ளூரில் என்ன வேலை கிடைக்கும் என்று இப்போதே தேடிப் பாருங்கள். குறைந்தபட்ச ஊதியம் 2025 முதல் நாடு முழுவதும் 1,700 ரிங்கிட். சின்ன ஊர்களில் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் பலருக்குச் சம்பளம் அதைச் சுற்றியே நிற்கிறது. கே.எல். சம்பளத்துக்குக் கணக்குப் போட்ட கார் தவணை அங்கே பாரமாகிவிடும்.

ஒரு சின்ன கணக்கைப் பார்ப்போம். இது வெறும் உதாரணம்தான். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். கே.எல்.-இல் வாடகை 1,500 ரிங்கிட், புது ஊரில் 700. மாதம் 800 மிச்சம். ஆனால் எல்.ஆர்.டி. இல்லாததால் தம்பதியில் இருவருக்கும் கார் வேண்டும். இரண்டாவது காரின் தவணை 500, பெட்ரோலும் பராமரிப்பும் 200. மாதம் இரண்டு முறை அலுவலகம் போய்வரும் செலவு 150. மொத்தம் 850. மிச்சம் என்று நினைத்தது 50 ரிங்கிட் கூடுதல் செலவாக மாறிவிட்டது. இரண்டாவது கார் தேவைப்படாத ஊர் என்றால் இதே கணக்கு உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஒரே காரில் குடும்பம் ஓடுமா என்று கேளுங்கள்.

இணையம் பற்றி ஒரு வார்த்தை. 2020-இல் தொடங்கிய ஜெண்டேலா திட்டத்தால் கிராமப்புற இணைப்பு மேம்பட்டிருக்கிறது. 2023 முதல் ஸ்டார்லிங்க் சேவையும் நாட்டில் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் பச்சை நிறம் காட்டினால் மட்டும் போதாது. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, தாழ்வான இடத்தில், ஓட்டு வீட்டுக்குள் சிக்னல் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த வீட்டிலேயே, மழை பெய்யும் ஒரு மாலையில், ஒரு மணி நேரம் வீடியோ கூட்டம் நடத்திப் பாருங்கள்.

மூன்று வகை ஊர்கள்

‘கிராமப்புறம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன. நடைமுறைக்காக மூன்றாகப் பிரிக்கலாம்.

இரயில் பாதை ஊர்கள்: கோலகுபு பாரு, தஞ்சோங் மாலிம் வரை கொமுட்டர் ஓடுகிறது. அதற்கும் வடக்கே ஸ்லிம் ரிவர், தாப்பா ரோடு, கம்பார் போன்ற நிலையங்களில் இ.டி.எஸ். நிற்கிறது. கே.எல்.-இலிருந்து ஈப்போவுக்கே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். மாதம் சில நாள்கள் அலுவலகம் போக வேண்டியவர்களுக்கு இந்தப் பாதை வசதி. தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகமும் புரோட்டோன் தொழிற்சாலையும் இருக்கின்றன. ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டு மங்கிப்போன கம்பார், 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழக வளாகம் வந்த பிறகு மீண்டும் களைகட்டியது. மாணவர்கள் வந்தால் கடை வரும், வேலை வரும். வாடகையும் ஏறும்.

நெடுஞ்சாலை ஓர ஊர்கள்: பெந்தோங், காராக் போன்றவை. காரில் ஒரு மணி நேரம் சொச்சம். ஆனால் பண்டிகைக் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் காராக் நெடுஞ்சாலையின் நிலை உங்களுக்கே தெரியும். கிழக்குக் கரை இரயில் பாதையில் பெந்தோங்குக்கு ஒரு நிலையம் உண்டு, 2027-இல் சேவை தொடங்கத் திட்டமிடப்பட்டுள்ளது. ஆனால் இரயில் வருகிறது என்ற பேச்சுக்கே நில விலை ஏறிவிடும். இன்னும் ஓடாத இரயிலுக்கு இன்றே விலை கொடுக்கிறோமா என்று யோசியுங்கள்.

இரண்டுக்கும் தள்ளி இருக்கும் ஊர்கள்: பாகான் டத்தோ, சபாக் பெர்ணம், கிரிக், ஜெலுபு போன்றவை. அமைதியும் விலையும் இங்கேதான் உண்மையிலேயே மலிவு. முழுக்க வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும், விவசாயத்தையே தொழிலாக எடுக்கப் போகிறவர்களுக்கும் பொருந்தும். ஆனால் மருத்துவமனைக் கேள்வியை இங்கே இரண்டு முறை கேட்க வேண்டும். தெலுக் இந்தானுக்கு இரயில் இல்லை என்றாலும், நிபுணர் சேவையுள்ள அரசாங்க மருத்துவமனை இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு அது பெரிய பலம். இப்படி ஒரு நடுத்தர நகரத்தை அண்டிய சிற்றூரைத் தேடுவது புத்திசாலித்தனம்.

பள்ளி, கோயில், பக்கத்து வீடு

பிள்ளை இருக்கிறது, அல்லது வரப்போகிறது என்றால் தமிழ்ப்பள்ளியைப் பற்றி விசாரியுங்கள். நாட்டில் 520-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 150 மாணவர்களுக்கும் குறைவான பள்ளிகளைக் கல்வியமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என வகைப்படுத்துகிறது. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பல அந்த வகைதான். சிலவற்றில் 30 பிள்ளைகள்கூட இல்லை.

இதை இரண்டு விதமாகப் பார்க்கலாம். வகுப்பில் ஐந்தே பிள்ளைகள் என்றால் ஆசிரியரின் கவனம் முழுமையாகக் கிடைக்கும். ஆனால் காற்பந்துக் குழு அமைக்க ஆள் இருக்காது, பல வகுப்புகளைச் சேர்த்து நடத்த வேண்டியிருக்கலாம். அதே சமயம், அப்படி ஒரு பள்ளிக்கு இரண்டு மூன்று இளம் குடும்பங்கள் வருவது சாதாரண விஷயம் அல்ல. நகரத்தில் உங்கள் பிள்ளை ஆயிரத்தில் ஒருவர். அங்கே பள்ளி நிலைத்திருப்பதற்கே அவர் ஒரு காரணமாகலாம்.

தமிழர்கள் எத்தனை குடும்பம், கோயில் இருக்கிறதா, சுடலை எங்கே என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள். கடைசிக் கேள்வி சங்கடமாக இருக்கலாம். ஆனால் பெற்றோரோடு போகிறவர்களுக்கு அது தேவையான கேள்வி.

இன்னொன்று. உங்களுக்கு மலிவாகத் தெரியும் வாடகை, அந்த ஊரில் பிறந்து 1,700 ரிங்கிட் சம்பாதிக்கும் பையனுக்கு மலிவு அல்ல. “கே.எல். ஆளுங்க வந்துதான் வீட்டு விலை ஏறிடுச்சு” என்ற பேச்சு வருவது இயல்பு. உள்ளூர்க் கடையில் சாமான் வாங்குவது, உள்ளூர் ஆளுக்கு வேலை கொடுப்பது, கோயில் வேலைக்கும் பள்ளி கோத்தோங் ரோயோங்குக்கும் கை கொடுப்பது எல்லாம் அந்த ஊரில் உங்களுக்கு ஓர் இடத்தைத் தேடித்தரும்.

அப்படியானால் என்ன செய்வது?

வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள். முடிந்தால் ஓர் ஆண்டு, குறைந்தது அக்டோபர் முதல் ஜனவரி வரையாவது. மழைக்காலம், பள்ளி விடுமுறை, தீபாவளி, பொங்கல் எல்லாம் அதற்குள் வந்துவிடும். தண்ணீர் எங்கே தேங்குகிறது, மின்சாரம் எத்தனை முறை போகிறது, யார் உங்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கு முன், மனதில் உள்ள ஊர்களை ஒரு தாளில் எழுதுங்கள். நிலம், மருத்துவமனை, வெள்ளம் ஆகிய மூன்றில் ஒன்றில் தோற்றாலும் அந்த ஊரை அடித்துவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. மீதியுள்ளவற்றில் வேலை, கார், பள்ளி எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று பாருங்கள். வார இறுதியில் போகாமல், விடுப்பு எடுத்து ஒரு செவ்வாய், புதன்கிழமை போய்த் தங்குங்கள். காலையில் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, இரவு எட்டு மணிக்குத் தெரு எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

நம் தாத்தா பாட்டிகளில் பலர் யாரோ காட்டிய இடத்தில் வாழ்ந்தார்கள், யாரோ சொன்னபோது கிளம்பினார்கள். உங்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பை ஒரு வாட்ஸ்அப் விளம்பரத்தின் கையில் கொடுத்துவிடாதீர்கள். இந்த வாரமே ஓர் ஊரைத் தேர்ந்தெடுங்கள், பட்டா எண்ணைக் கேளுங்கள், நில அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.